வெடிக்காத குண்டுக்குச் சாட்சி இல்லை

ராணுவ வெடிகுண்டு நிபுணர்களின் பணியும் அதற்கு உரிய மதிப்பும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலையை முன்வைத்து

ராணுவப் பணிகளுள், செய்து முடித்த மறுநாளே தடயமின்றி மறைந்துபோகும் வெற்றி வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்பவருடையது. கைப்பற்றிய மலைமுகடு வரைபடத்தில் இடம்பெறுகிறது. வீழ்த்திய விமானம் கணக்கில் சேர்கிறது. ஆனால் ஒரு பாலத்தின் அடியிலோ பேருந்து நிலையத்திலோ வைக்கப்பட்ட குண்டு வெடிக்காமல் தடுக்கப்பட்டால், மறுநாள் அந்தப் பாலத்தில் வண்டிகள் வழக்கம்போல் ஓடுகின்றன, பேருந்துகள் புறப்படுகின்றன, நடக்காமல் போன ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள எவருக்கும் காரணம் இருப்பதில்லை. இதன் விளைவாக, இப்பணியில் இருப்பவரின் பெயர் அவருடைய பணி தவறிய ஒரே நாளில், அதாவது அவர் உயிரிழந்த நாளில்தான் பொதுவெளிக்கு வருகிறது; அதற்கு முன் அவர் தடுத்த விபத்துகள் எத்தனை என்பது ஊராருக்குத் தெரிவதில்லை. இறப்பை மட்டும் அளவுகோலாகக் கொண்ட பாராட்டு முறை இப்பணிக்குப் பொருந்தாது என்பதும், பொருந்தும் முறையை உருவாக்கும் வேலையை டெல்லிக்கு மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை, கள்ளக்குறிச்சி போன்ற ஒரு புதிய மாவட்டமும் அதைத் தொடங்கலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எவர் செய்யும் பணி?

வெடிகுண்டு செயலிழப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் குறைந்தது மூன்று தனித்தனித் தொழில்கள் அடங்கியுள்ளன. முதலாவது கண்ணிவெடி அகற்றல். காலால் மிதித்தாலோ வண்டி ஏறினாலோ வெடிக்குமாறு நிலத்தில் புதைக்கப்பட்ட வெடிகளைக் கண்டறிந்து, படை செல்லப் பாதை திறந்து கொடுப்பது ராணுவப் பொறியாளர் படையின் நெடுநாள் பொறுப்பு. இப்படையின் வீரர்கள் ‘சாப்பர்’ என்று அழைக்கப்படுகின்றனர். தென்னிந்தியர் பெருமளவில் சேரும் பிரிவு, 1780இல் தொடங்கி இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்துக்குள் இப்பிரிவின் வீரர்களை மொழி வேறுபாடின்றித் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம்.

இரண்டாவது தொழில் படைத் தளவாடப் பிரிவினருடையது. சுடப்பட்டும் வெடிக்காமல் கிடக்கும் எறிகணைகளையும், ஆயுள் முடிந்த வெடிபொருள்களையும் பாதுகாப்பாக அழிப்பது இவர்களுடைய வேலை. போர் இல்லாத காலத்திலும் ஓய்வில்லாத இவ்வேலையின் ஆபத்தை, 2016 மே 31 அன்று மகாராஷ்டிரத்தின் புல்காவ் வெடிபொருள் கிடங்கில் ஏற்பட்ட தீ விபத்தில் ராணுவ அதிகாரிகளும் தீயணைப்பு ஊழியர்களும் பலியானபோது நாடு ஒருகணம் உணர்ந்து, பிறகு மறந்தது. மூன்றாவது, பத்திரிகைகள் ‘ஐ.இ.டி.’ என்று எழுதும் கைத்தயாரிப்பு வெடிகளைக் கையாள்வது. தொழிற்சாலையில் உருவான குண்டுக்கு ஒரு வரைபடமும் விதிமுறையும் உண்டு. டிபன் பாக்ஸிலோ சைக்கிளிலோ பழ வண்டியிலோ ஒளித்துவைக்கப்படும் இவ்வகைக் குண்டு ஒவ்வொன்றும் அதைச் செய்தவனின் புத்தியைப் பொறுத்து மாறுவதால், நேற்றைய அனுபவம் இன்றைக்குத் துணையாகும் என்ற உறுதி கிடையாது. தேசியப் பாதுகாப்புப் படையின் வெடிகுண்டுப் பிரிவும், மாநிலக் காவல்துறைகளின் வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவுகளும் இப்பணியில் உள்ளன. அரியானாவின் மானேசரில் இயங்கும் தேசிய வெடிகுண்டுத் தரவு மையம், நாட்டில் நிகழும் குண்டுவெடிப்புகளை ஆராய்ந்து, அடுத்த குண்டைக் கையாளப்போகிறவருக்குப் பயன்படும் தகவல்களைச் சேகரித்து வைக்கிறது.

மின்யானோவின் நான்கு விநாடி

இப்பணியின் வரலாற்றில் தமிழருக்கு உரிய முதன்மையான இடத்தைத் தமிழரே அதிகம் அறிந்திருக்கவில்லை. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையின் 11ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியில் பணியாற்றியவர். இத்தாலியில் மோன்டே காசினோவைக் கைப்பற்றும் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 1944 பிப்ரவரி 24 அன்று மின்யானோ என்ற ஊருக்கு அருகில், கண்ணிவெடி கண்டறியும் கருவியுடன் ஒரு சிறு குழுவை அவர் நடத்திச் சென்றார். பின்னால் வந்த வீரர் ஒருவரின் கால் ஒரு வெடியின் மேல் பட்டது.

ஜெர்மானியர் பயன்படுத்திய அவ்வகை வெடி, மிதித்தவுடன் வெடிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு விநாடிக்குப் பிறகு உள்ளிருக்கும் சிறு மருந்து அதை இடுப்பளவு உயரத்துக்கு எறிய, அங்கே முதன்மை மருந்து வெடித்து நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளை நாலாபுறமும் சிதறடிக்கும். ஒருவரை மட்டுமின்றி, சுற்றி நிற்கும் குழுவையே வீழ்த்துவதற்கென்று அமைந்த ஆயுதம் அது. மெல்லிய ஓசையைக் கேட்டவுடன் அதன் பொருளை உணர்ந்துகொண்ட சுப்பிரமணியன், தப்பி விலகுவதற்குப் போதுமான அந்த நான்கு விநாடியை வெடியின் மேல் பாய்ந்து படுப்பதற்குப் பயன்படுத்தினார். உடன் வந்தவர்கள் உயிர்பிழைத்தனர், அவர் உயிரிழந்தார். அவ்வாண்டே அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய விருது மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர் என்று குறிப்பிடப்படுகிறார்.

ஜார்ஜ் கிராஸ் தோன்றிய சூழலே வெடிகுண்டு செயலிழப்போடு பிணைந்தது. லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் இரவுதோறும் குண்டு வீசிய 1940 செப்டம்பரில், எதிரி எதிரே இல்லாத இடத்தில் காட்டப்படும் துணிவுக்கு விக்டோரியா கிராஸுக்கு நிகரான விருது ஒன்று தேவை என்று உணர்ந்து ஆறாம் ஜார்ஜ் மன்னர் அதை நிறுவினார். புனித பால் பேராலயத்தின் அருகில் மண்ணுக்குள் ஆழப் புதைந்து கிடந்த குண்டைத் தோண்டி எடுத்து ஊருக்கு வெளியே கொண்டுசென்று வெடிக்கவைத்த குழுவிலிருந்து, தலைமையேற்ற அதிகாரி ராபர்ட் டேவிஸும் மண்வெட்டி பிடித்த சாப்பர் ஜார்ஜ் வைலியும் இதே விருதைப் பெற்றனர். அதிகாரிக்கு ஒரு பதக்கம், அவருக்குக் கீழே உழைத்தவருக்கு அதைவிடச் சிறியது என்ற படிநிலை இவ்விருவரிடையே பின்பற்றப்படவில்லை என்பது குறித்துக்கொள்ளத்தக்கது.

இந்திய ராணுவ வரலாறும் இப்பணியைப் புறக்கணித்துவிட்டது என்று சொல்ல இயலாது. 1941இன் தொடக்கத்தில் அபிசீனியப் போர்முனையில், பம்பாய் சாப்பர்ஸைச் சேர்ந்த இளம் அதிகாரி பிரேமிந்திர சிங் பகத், நான்கு நாள் ஏறக்குறைய ஓய்வே இன்றி 55 மைல் நீளப் பாதையில் 15 கண்ணிவெடிக் களங்களை அகற்றுவித்து, செவிப்பறை கிழிந்த நிலையிலும் பணியைத் தொடர்ந்து, விக்டோரியா கிராஸ் பெற்றார். 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரி நோக்கி நகர்ந்த டாங்கிகளுக்கு முன்னால் கண்ணிவெடிகளையும் சாலைத் தடைகளையும் அகற்றிக்கொண்டே சென்ற ராம ரகோபா ராணே பரம்வீர் சக்ரா பெற்று, அவ்விருதை உயிருடன் இருக்கும்போதே பெற்ற முதல் வீரர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

ஆயினும் இவை யாவும் போர்க்களத்தில், படை முன்னேறிக்கொண்டிருந்தபோது, பலர் கண்முன் நிகழ்ந்த செயல்கள். சுதந்திர இந்தியாவின் வீர விருதுகள் இரண்டு வரிசைகளாக அமைந்தவை: எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா வரிசை, பிற சூழல்களில் காட்டிய வீரத்துக்கு 1952இல் நிறுவப்பட்டு 1967இல் இன்றைய பெயர்களைப் பெற்ற அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா வரிசை. குண்டு வைத்தவன் அந்த இடத்தை விட்டு எப்போதோ போய்விட்டவன் ஆதலால், வெடிகுண்டு நிபுணரின் துணிவு பெரும்பாலும் இரண்டாம் வரிசையில் வந்து சேர்கிறது. இரு வரிசைகளும் தகுதியில் ஒப்பானவை என்று விதிகள் கூறினாலும், பரம்வீர் சக்ரா பெற்றவரின் பெயரைச் சொல்லத் தெரிந்த பள்ளி மாணவருக்குச் சௌரிய சக்ரா பெற்ற ஒருவரின் பெயர் தெரிந்திருப்பது அரிது.

கருவிகள் நிற்கும் இடமும் கை தொடங்கும் இடமும்

அறிவியல் வளர்ச்சி இப்பணியின் ஆபத்தைக் குறைத்துள்ளது, நீக்கிவிடவில்லை. பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. புனேயில் உருவாக்கிய ‘தக்ஷ்’ என்னும் இயந்திர மனிதன், 2011ஆம் ஆண்டு இறுதியில் ராணுவத்திடம் ஒப்படைக்கத் தொடங்கப்பட்டது. தொலைவிலிருந்து இயக்கப்படும் இவ்வாகனம் படி ஏறும், சந்தேகப் பொருளை எக்ஸ்ரே எடுக்கும், மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி, குண்டு வெடிக்கும் முன்பே அதன் மின்சுற்றைச் சிதைக்கும். கைப்பேசி வழியாகவோ ரிமோட் வழியாகவோ வரும் கட்டளையைத் தடுக்க ஜாமர் கருவி உண்டு. இவை எதுவும் இயலாதபோது, நிபுணர் தாமே நடந்து செல்வதற்கு 30 கிலோவுக்கும் மேல் எடையுள்ள காப்புடை உண்டு.

இக்காப்புடையின் வரம்பைப் பொதுமக்கள் அறிந்திருப்பதில்லை. சிதறல்களையும் வெடிப்பின் வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும் அவ்வுடை, மிக அருகில் பெருங்குண்டு வெடித்தால் எழும் அழுத்த அலையைத் தடுக்கப் போதாது. நுண்ணிய வேலை செய்ய விரல்களின் தொடுவுணர்வு தேவை என்பதால் கைகளுக்குப் பெரும்பாலும் முழுக் காப்பு கிடைப்பதில்லை. சித்திரை வெயிலில் அதை அணிந்து அரைமணி நேரம் வேலை செய்பவரின் உடல் வெப்பம் அபாய நிலையை நெருங்குகிறது. இதனால்தான் இப்பணியின் முதல் விதி, இயன்றவரை எவரும் குண்டை நெருங்காமல் இருப்பதே. ஆனால் அடுக்குமாடிக் கட்டடம், மருத்துவமனை, எரிபொருள் கிடங்கு போன்ற இடங்களில் குண்டை இருந்த இடத்திலேயே வெடிக்கவைத்துவிட்டு ஒதுங்க முடியாது. அங்கே கடைசியில் மனிதக் கையே செல்ல வேண்டியிருக்கிறது.

தேசியப் பாதுகாப்புப் படையின் வெடிகுண்டுப் பிரிவில் பணியாற்றிய லெப்டினன்ட் கர்னல் இ.கே. நிரஞ்சனின் மறைவு இதற்குச் சான்று. பாலக்காட்டுப் பூர்வீகமும் பெங்களூர் வளர்ப்பும் கொண்ட அவர், ராணுவப் பொறியாளர் படையிலிருந்து அப்பிரிவுக்குச் சென்றவர். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தின் மீது நடந்த தாக்குதலில், துப்பாக்கிச் சண்டைக்குப் பின், கொல்லப்பட்ட பயங்கரவாதி ஒருவரின் உடலைப் பரிசோதித்து அப்புறப்படுத்தும் வேலையின்போது அதிலிருந்த கையெறி குண்டு வெடித்ததில் ஜனவரி 3 அன்று உயிரிழந்தார். அவருக்கு வயது 34. அவ்வாண்டு சுதந்திர தினத்தை ஒட்டி அறிவிக்கப்பட்ட விருதுகளில் சௌரிய சக்ரா அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. மற்றவர்களின் பணி முடியும் இடத்தில் வெடிகுண்டு நிபுணரின் பணி தொடங்குகிறது என்பதற்கு அவருடைய இறுதி நாளைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

தமிழகத்தின் நினைவில் பதிந்தவையும் பதியாதவையும்

தமிழகம் குண்டுவெடிப்புகளைத் தேதியோடு நினைவில் வைத்திருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம், 1984 ஆகஸ்ட் 2. ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21. வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் காவலர்களும் வனத்துறையினரும் உட்பட 22 பேர் பலியான பாலாறு, 1993 ஏப்ரல் 9. 58 பேரைப் பலிகொண்ட கோவைத் தொடர் குண்டுவெடிப்பு, 1998 பிப்ரவரி 14. இத்தேதிகள் பாடநூல்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் குடும்பங்களின் வேதனையிலும் பதிந்துள்ளன.

ஆனால் கோவையின் அந்த நாள்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கார்களிலும் இருசக்கர வாகனங்களிலும் சைக்கிள்களிலும் பைகளிலும் பழ வண்டிகளிலும் ஒளித்துவைக்கப்பட்ட ஜெலட்டின் குண்டுகளுள் பல வெடிக்கவில்லை. ராணுவம், தேசியப் பாதுகாப்புப் படை, தமிழ்நாடு கமாண்டோ பயிற்சிப் பள்ளி ஆகியவற்றின் வெடிகுண்டுப் பிரிவினர் நகருக்கு வந்து, கண்டெடுக்கப்பட்ட குண்டுகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்தனர். பீதியில் உறைந்திருந்த ஒரு பெருநகரத்தின் தெருக்களில், அடுத்த பெட்டியில் இருப்பது என்ன என்று தெரியாமல் அதைத் திறக்கச் சென்றவர்களின் பெயர்கள் அந்நகரத்தின் பொது நினைவில் இல்லை. வெடித்த குண்டுகளின் கணக்கு ஊருக்குத் தெரிகிறது. வெடிக்காமல் தடுக்கப்பட்டவற்றால் பிழைத்தவர்கள் எவர் என்பது பிழைத்தவர்களுக்கே தெரியாது.

அண்மைக் காலத்திலும் இத்தேவை குறையவில்லை. 2018 ஜூனில் ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில், வீட்டு வளாகத்தில் பள்ளம் தோண்டியபோது, பல்லாண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட துப்பாக்கித் தோட்டாக்களும் வெடிபொருள்களும் பெட்டி பெட்டியாக வெளிப்பட்டன. மண்ணுக்குள் கிடக்கும் வெடிமருந்து காலப்போக்கில் வலுவிழந்துவிடும் என்பது மக்களிடையே நிலவும் நம்பிக்கை. உண்மையில் பல வகை வெடிபொருள்கள் நாள்பட நாள்படக் கையாள்வதற்கு மேலும் ஆபத்தானவை ஆகின்றன.

கல்வராயன் மலைக்கு இதனோடு என்ன தொடர்பு?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாகச் சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில் கல்வராயன் மலை அமைந்துள்ளது. சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பக்கமும் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெள்ளிமலைப் பக்கமும் சேர்ந்த இம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்து 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்த இம்மலையின் சாலை, மருத்துவம், கல்வி வசதிகள் சமவெளியைவிட நெடுங்காலம் பின்தங்கியிருந்ததற்கு அத்தாமதமும் ஒரு காரணம்.

போர்முனைக்கு வெகு தொலைவில் உள்ள இம்மாவட்டத்துக்கு வெடிபொருள் அந்நியமானதன்று. கெட்டிப் பாறை நிலத்தில் கிணறு வெட்டும் உழவர், கம்ப்ரசர் வைத்துத் துளையிட்டுத் தோட்டா வைத்துப் பாறை பிளப்பதைக் கண்டே வளர்ந்தவர். கல்குவாரிகளில் ஜெலட்டினும் டெட்டனேட்டரும் அன்றாடப் பொருள்கள். தமிழகத்தின் காட்டோர ஊர்கள் பலவற்றில், மரவள்ளியையும் நிலக்கடலையையும் அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தப்படுகிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு கல்வராயன் மலைக் கிராமங்களில் காவல்துறை அடிக்கடி வேண்டுகோள் விடுக்கிறது. வெடிக்காமல் துளைக்குள் தங்கிவிட்ட ஒரு தோட்டா, வயல் வரப்பில் கிடக்கும் ஒரு நாட்டு வெடி, தெரியாமல் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரு சிறுவன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நிகழும் விபத்துக்குப் போரோ பயங்கரவாதமோ தேவையில்லை.

இதை மலைமக்கள் மீதான சந்தேகமாகப் படிப்பது பிழையாகும். வெடிபொருளின் தீங்கு முதலில் சென்று சேர்வது அவர்களிடமே. தேசியப் பாதுகாப்புப் படையின் மண்டல மையம் சென்னையை அடுத்த நெடுங்குன்றத்தில் உள்ளது. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல், அதன்பின் கொண்டை ஊசி வளைவுகளோடு மலையேற்றம். இத்தகைய இடத்தில் ஆபத்து நேரும் முதல் சில மணி நேரத்தில் பயன்படப்போவது, அருகில் வசிக்கும் பயிற்சி பெற்ற மனிதரின் அறிவு. பொறியாளர் படையிலும் தளவாடப் படையிலும் பணியாற்றி ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறவர்களிடம் அவ்வறிவு உள்ளது. அவர்களை வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் காவலுக்கு நிறுத்திவிட்டு, அவர்கள் கற்ற தொழிலை எவரும் கேட்டறியாமல் விடுவது, பாராட்டுக் குறைவு என்பதைத் தாண்டிப் பொது நட்டமும் ஆகும்.

காத்தவரைக் கொண்டாடிய மரபு

கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணையாற்றை ஒட்டிய செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்கள் தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்து கிடைக்கும் நிலப்பகுதிகளுள் அடங்கும். வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்லும் அளவுக்கு அவ்வழக்கம் பழமையானது. அக்கற்களுள் பெரும்பாலானவை பேரரசுகளை வென்றவர்களுக்கு எழுப்பப்பட்டவை அல்ல; ஊரின் ஆநிரையைக் காத்து மடிந்தவர், புலியை எதிர்த்து இறந்தவர் எனச் சிற்றூரின் பாதுகாப்புக்காக உயிர் கொடுத்த எளியவர்களுக்கு அவ்வூராரே எடுத்தவை.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் இங்கு தனியே குறிப்பிடத்தக்கது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. வெடிமருந்தை மோப்பத்தால் கண்டறியும் நாய்கள் இன்றைய வெடிகுண்டுப் பிரிவின் இன்றியமையாத உறுப்பினர்கள். 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பை ஒட்டி 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து பிடிபட உதவிய காவல்துறை மோப்ப நாய் சஞ்சீர் 2000இல் இறந்தபோது முழு அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. காவல் புரிந்த விலங்கின் பெயரைக்கூடக் கல்லில் பொறித்துவைத்த ஒரு நிலப்பகுதி, காத்த மனிதரின் பெயரை அறியாமல் இருப்பது அதன் மரபுக்கே முரணானது.

பிற நாடுகளின் வழி

இப்பணியைத் தனியே அடையாளம் கண்டு மதிக்கும் ஏற்பாடுகள் வேறு நாடுகளில் உள்ளன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள எக்லின் விமானப்படைத் தளத்தில், நாற்படைகளையும் சேர்ந்த வெடிகுண்டு நிபுணர்களுக்கென்று நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டு, ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2005இல் எடுத்த முடிவின்படி, ஏப்ரல் 4 கண்ணிவெடி விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியாவில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம், சுதந்திரத்துக்குப் பிறகு கடமையில் உயிர்நீத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர்களுள் வெடிகுண்டு நிபுணர்களும் உள்ளனர் என்றாலும், அவர்கள் ஆற்றிய பணி இன்னது என்று பார்வையாளருக்குத் தனித்துத் தெரியும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

ஈழத்தின் வடக்கில் நடப்பது தமிழ் வாசகர் தனியாகக் கருத வேண்டியது. 2009இல் போர் முடிந்த பின், முகமாலை முதல் மன்னார் வரை விதைக்கப்பட்டிருந்த மிதிவெடிகளை அகற்றும் வேலையில் இலங்கை ராணுவத்தோடு ஹாலோ டிரஸ்ட், மாக் போன்ற சர்வதேச அமைப்புகளும் உள்ளூர் அமைப்புகளும் ஈடுபட்டன; ஓய்வுபெற்ற இந்தியச் சாப்பர்களைக் கொண்ட குழுக்களை இந்திய அரசும் தன் செலவில் அனுப்பியது. இவ்வேலையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களுள் போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்களும் உள்ளனர். மண்டியிட்டு அமர்ந்து, ஒரு சாண் நிலத்தைச் சுரண்டிச் சோதித்து, அதன் பிறகே அடுத்த சாணுக்கு நகரும் அவர்களுடைய உழைப்பால் மீண்டும் உழுநிலமான வயல்கள் ஏராளம். அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, படைவீரருக்குரிய ஓய்வூதியமும் இல்லை. வெடி அகற்றுவோரை மதிப்பது என்று முடிவுசெய்தால், சீருடையைப் பார்த்து அதை நிறுத்திக்கொள்ள முடியாது.

எவ்வாறு மதிப்பது?

எல்லாப் படைவீரரும் உயிரைப் பணயம் வைக்கும்போது ஒரு பிரிவினரை மட்டும் தனியே பாராட்டுவது முறையா என்ற கேள்வி நியாயமானதே. வெடிகுண்டு நிபுணர் மற்றவர்களைவிட உயர்ந்தவர் என்பது இங்கு வாதமன்று. இப்போதுள்ள முறை, நிகழ்ந்த செயலை அளப்பதற்கென்று அமைந்திருப்பதால், நிகழாமல் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதன் கணக்கில் சிக்குவதில்லை என்பதே வாதம். பெயரை வெளியிடுவது பணியில் இருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஆபத்தாகலாம் என்ற தடையும் உண்மையானது. ஆகவே, பணிக்காலத்தில் செயலிழக்கச் செய்யப்பட்ட குண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் ஆண்டுதோறும் அறிவித்து, ஓய்வுக்குப் பிறகு அவர் விரும்பினால் பெயரையும் பணியையும் பதிவுசெய்வது நடைமுறைக்கு ஏற்றது.

இரண்டாவது தேவை, ஒரு நாளின் வீரத்துக்கன்றி ஆண்டுக்கணக்கான பணிக்கு வழங்கப்படும் தனிப் பதக்கம். அதிகாரி, ஹவில்தார், காவலர் என்ற வேறுபாடின்றி அது வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, உடல்நலம் பற்றியது. குண்டை வெடிக்கவைத்து அழிக்கும் ஒவ்வொரு முறையும் செவியும் மூளையும் சிறிதளவேனும் அழுத்த அலைக்கு உட்படுகின்றன. ஒரே நாளில் ஏற்பட்ட காயத்துக்கு ஆவணம் உண்டு, பல ஆண்டுகளில் மெல்லச் சேர்ந்த செவிக்குறைவுக்கும் உறக்கமின்மைக்கும் ஆவணம் கிடைப்பது கடினம். அத்தகைய வெளிப்பாடுகளைப் பணிக்காலத்திலேயே மருத்துவப் பதிவேட்டில் குறித்துவந்தால், ஓய்வூதிய அலுவலகத்தின் முன் அவர் தம் நோயை நிரூபிக்கப் போராட வேண்டிய நிலை வராது. நான்காவது, சுபேதார் சுப்பிரமணியனின் வரலாறு தமிழ்நாட்டுப் பாடநூலில் இடம்பெற வேண்டும். இத்தாலியப் போர்க்களத்தில் தன் தோழர்களுக்காக உயிர் கொடுத்த காஞ்சிபுரத்துக்காரரைத் தமிழ் மாணவர் அறியாதிருப்பதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் இவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று படைவீரர் கொடி நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. நிதி திரட்டும் நிகழ்ச்சியாக மட்டும் அது முடிந்துவிடாமல், பொறியாளர் படையிலும் தளவாடப் படையிலும் வெடிபொருள் பணி செய்து ஓய்வுபெற்ற மாவட்டத்தவரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேடுகளிலிருந்து கண்டறிந்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் சிறப்பிக்கலாம். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில், இனம்தெரியாத உலோகப் பொருளையோ வெடியையோ கண்டால் தொடாமல் விலகி, பெரியவரிடம் சொல்லி, காவல்துறைக்குத் தகவல் தரும் பழக்கத்தை அவர்களைக் கொண்டே கற்பிக்கலாம். கல்குவாரித் தொழிலாளருக்கும் கிணறு வெட்டுவோருக்கும், வெடிக்காத தோட்டாவை எவ்வாறு கையாள்வது என்ற பயிற்சியை அவர்கள் மதிப்பூதியத்துடன் அளிக்கலாம். மாவட்டக் காவல்துறையின் வெடிகுண்டுப் பிரிவினரும் அதே மேடையில் அதே மதிப்புடன் நிறுத்தப்பட வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டமோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஒரு பட்டியலும், ஒரு நாளும், நிர்வாகத்தின் விருப்பமும் போதும். மறைந்தவருக்கு மலர்வளையம் வைப்பதில் தமிழ்ச் சமூகம் ஒருபோதும் குறை வைத்ததில்லை; உயிரோடு ஊர் திரும்பிய வெடிகுண்டு நிபுணரின் பெயரைக் கேட்டறிந்து, அவருடைய அறிவைப் பிள்ளைகளுக்குச் சேர்ப்பதே இனிச் செய்ய வேண்டிய கடமை. வரும் கொடி நாளிலேயே மாவட்ட நிர்வாகம் அதைத் தொடங்க வேண்டும்.